நெட்டுக்கு முன்னால் கைகட்டி நின்ற ஜமீலா டீச்சர்

வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்த கொஞ்ச நேரத்தில் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் மௌத் செய்தி, இறந்தவர் யாரென்று, சொன்னார்கள். தகப்பனார் பெயர், தெருப் பெயர் எல்லாம் சொல்லிவிட்டு, கடைசியில்தான் ஜமீலா டீச்சர் என்றார்கள். டீக்கடையில் என் பக்கத்தில் இருந்தவர், "பாவம், நல்லவங்க" என்றார். உயிரோடு இருந்த வரைக்கும் யாரும் அவரை அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. எனக்கு எழுதத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள். அவரிடம் ஆடியவர்கள் இதைப் படித்தால், நான் எதையும் பூசி மெழுகவில்லை என்று அறிவார்கள்.

ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. நான் அப்போது எங்கள் ஊர் கிளப்பில் டென்னிஸ் கோர்ட்டுக்குத் தண்ணீர் தெளித்து, உருளை இழுத்து, சுண்ணாம்புக் கோடு போடுகிறவன். டீச்சர் பெண்கள் பள்ளியில் டிரில் டீச்சர். தகப்பனார் பினாங்கில் கடை வைத்திருந்ததால் அங்கே ஆட்டம் கற்றவர். இரண்டு நர்சுகள், ஒரு டெலிபோன் ஆபரேட்டர், மூன்று டீச்சர்கள், இவர்களைச் சேர்த்து ஒரு டீம் கட்டினார். ஞாயிறு மத்தியானம் மட்டும்தான் அவர்களுக்குக் கோர்ட். மாலை நேரமெல்லாம் நீடாமங்கலம் பக்கத்துப் பண்ணையார் வீட்டுப் பெண்களுக்கு. அப்போது ஆட்சி மாறி, உழுகிறவனுக்கே நிலம் என்று மேடைக்கு மேடை பேசினார்கள். வயலில் கூலி நெல்லுக்காக அறுவடைதோறும் சண்டை. கிளப்புக்குள் மட்டும் ஆட்சி மாறவில்லை. வருஷப் போட்டியில் ஜெயித்தால் மாலையில் பாதி நேரம் தருகிறோம் என்று பண்ணையார் சிரித்துக்கொண்டே சொன்னார். தோற்பார்கள் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

அந்தப் பெண்களுக்கு ஆட்டம் வரும். ஆனால் எதிரே பெரிய வீட்டு அம்மா நின்றால், பந்து நேராக அந்த அம்மாவின் ராக்கெட்டுக்கே போய்ச் சேரும். ஒரு பாயிண்ட் ஜெயித்துவிட்டால் "மன்னிச்சுக்குங்கம்மா" என்பார்கள். டீச்சர் ஒருநாள் ராக்கெட்டைக் கீழே வைத்தார். நெட்டுக்கு முன்னால் போய்க் கைகட்டி நின்றார்.

"உங்க கை பந்து அடிக்கலை, தாம்பாளத்துல வச்சு நீட்டுது. என் மேல அடிங்க. படுற வரைக்கும் யாரும் வீட்டுக்குப் போறதில்லை."

டெலிபோன் ஆபரேட்டர் அழுதுகொண்டே அடித்தார். தோளில் பட்டது, வயிற்றில் பட்டது. நர்சு பாக்கியம் மட்டும் அடிக்காமல் நின்றாள். "உங்கம்மா குனிஞ்சு நடவு நட்டா. நீ நின்னுக்கிட்டே குனியிறே" என்றார் டீச்சர். அடுத்த பந்தில் டீச்சரின் முன்பல் பாதி உடைந்தது. ரத்தத்தைத் துப்பிவிட்டு, "இப்பத்தான் ஆட வந்திருக்கே" என்றார். அந்தப் பல்லை அவர் கடைசிவரை கட்டிக்கொள்ளவில்லை.

போட்டியன்று பண்ணையம்மா காரிலிருந்து இறங்குவதைப் பார்க்கச் சொல்லி டீச்சர் எல்லாரையும் வேலியோரம் நிறுத்தினார். அந்த அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு இடது காலை ஊன்றி, வலது காலை மெல்ல எடுத்து வைத்தார். "வலது முட்டி. நெட்டுக்கிட்ட சின்னதா ஒண்ணு போடு. ஓடி வருவாங்க. அடுத்ததைத் தலைக்கு மேல தூக்கிப் பின்னால போடு." அந்த முட்டிக்கு ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டதே பாக்கியம்தான்.

"எங்கம்மா குடிசை அவங்க இடத்துல நிக்குது, டீச்சர்."

"தெரிஞ்சுதான் உன்னை இறக்குறேன். மத்தவங்க தோத்தா வீட்டுக்குப் போய் மறந்துடுவாங்க. நீ தோத்தா உனக்கு அது பழகிப்போயிடும்."

பாக்கியத்தின் ஆட்டம்தான் கடைசி. அதில் ஜெயித்தவர்களுக்குத்தான் கோர்ட். பண்ணையம்மா முன்னால் ஓடினார், பின்னால் ஓடினார், இரண்டு முறை விழுந்தார். ஒரே ஒரு பாயிண்ட் பாக்கி. அந்த அம்மா நிற்கவே முடியாமல் நின்றார். விட்டுவிடு என்று யாரோ முணுமுணுத்தார்கள். பாக்கியம் டீச்சரைப் பார்த்தாள். "ஆட்டம் இன்னும் முடியலை" என்றார் டீச்சர். பாக்கியம் நெட்டை ஒட்டிச் சின்னதாகப் போட்டாள். யாரும் கைதட்டவில்லை. பண்ணையம்மாவை நாற்காலியில் வைத்துத் தூக்கிப் போனார்கள்.

மறுநாள் பண்ணைக் காரியக்காரர் வந்தார். "அந்தப் பொண்ணு வந்து அம்மா கால்ல விழுந்தா குடிசை நிக்கும்." பாக்கியம் போவதாகத்தான் இருந்தாள். டீச்சர் ஒன்றே ஒன்று சொன்னார்: "போறதுன்னா போ. அப்புறம் இந்த கோர்ட்ல கால் வைக்காதே."

அவள் போகவில்லை. குடியிருக்கும் மனையிலிருந்து யாரையும் கிளப்பக் கூடாது என்று சட்டம் வரப்போவதாகப் பேச்சு இருந்தது. சட்டத்துக்கு முன்னால் பண்ணையாட்கள் வந்துவிட்டார்கள். தாய்க்காரி நடவிலிருந்து திரும்பியபோது கூரை தரையில் கிடந்தது.

அன்று மாலை, ஜெயித்து வாங்கிய நேரத்தில், டீச்சரின் டீம் ஆடிக்கொண்டிருந்தது. தாய்க்காரி இடிந்த சுவரின் மண்கட்டியை முந்தானையில் அள்ளிக்கொண்டு கோர்ட்டுக்குள் வந்து டீச்சருக்கு எதிரே நின்றாள்.

"என் வீட்டை வச்சா நீ விளையாடினே? பந்து எனக்குச் சோறு போடுமாடி?"

ஒவ்வொரு கட்டியாக டீச்சர் மேல் எறிந்தாள். டீச்சர் தடுக்கவில்லை. அன்று நெட்டுக்கு முன்னால் நின்ற மாதிரியே கைகட்டி நின்றார். முந்தானை காலியான பிறகு, சேலையில் மண்ணோடு, "பாக்கியம், சர்வீஸ் உன்னோடது" என்றார். பாக்கியம் அம்மாவைப் பார்த்தாள். பிறகு பந்தை எடுத்தாள். தாய்க்காரி நர்சு குவார்ட்டர்ஸில் மகளோடுதான் கடைசிவரை இருந்தாள். சாகும் வரை மகளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

பாக்கியம் தலைமை நர்சாக ஓய்வு பெற்றுத் தஞ்சாவூரில் இருக்கிறாள். டீச்சர் முகத்தைக் கடைசியாகப் பார்க்க வந்திருந்தாள். வாசலில் அவளிடம் கேட்டேன்.

"டீச்சரை மன்னிச்சிட்டியாம்மா?"

"இல்லண்ணே. அதை அவங்ககிட்டயே ஒருதடவை சொன்னேன்."

"என்ன சொன்னாங்க?"

"மன்னிக்காதேன்னாங்க. அந்த அரைப்பல்லைக் காட்டிச் சிரிச்சாங்க."

ஜமீலா டீச்சர் நல்லவர் என்று உங்களிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அடுத்தவர் வீட்டை வைத்து ஆடினார். ஆனால் பந்து வந்தபோதும் சரி, மண்கட்டி வந்தபோதும் சரி, அவர் கையைத் தூக்கி முகத்தை மறைக்கவில்லை, கண்ணை மூடவில்லை. இரண்டையும் நான் நின்று பார்த்தேன். அவரிடமிருந்து என்னிடம் இருப்பது அந்தத் திறந்த கண் மட்டும்தான்.