சரிங்க என்ற பதிலை ஏற்காதவர்

மங்கையர்க்கரசி அக்கா இறந்த செய்தி காலையிலேயே எங்கள் விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்கு வந்துவிட்டது. நான் விமானங்களை இறக்கிக்கொண்டிருந்ததால் பணி முடியும்வரை யாரும் சொல்லவில்லை. எனக்கு ஆத்திரமாக வந்தது. அக்காவும் இப்படித்தான் செய்திருப்பார் என்பதால் வாயை மூடிக்கொண்டேன்.

அவரோடு வேலை பார்த்த நம்மில் திட்டு வாங்காதவர் யார்? பயணிகள் விமானமும் பயிற்சிப் பள்ளியின் குட்டி விமானமும் ஒரே வானத்தில் பறக்கும் இடம் இது. நாம் சொன்னதை விமானி வார்த்தை பிசகாமல் திருப்பிச் சொல்ல வேண்டும். நம் ஊர்ப் பிள்ளைகளோ பதற்றத்தில் "சரிங்க மேடம்" என்றுவிடுவார்கள். பெரியவர்கள் பேசினால் காதில் விழாவிட்டாலும் சரிங்க என்று சொல்லியே வளர்ந்தவர்கள். "சரிங்கன்னா கேக்கலன்னு அர்த்தம்" என்பார் அக்கா.

ஒருநாள் வானொலியில் "சரிங்க அத்தை" என்று வந்தது. அக்காவின் தம்பி முருகையனின் மகன் கார்த்தி, தனியாகப் பறந்துகொண்டிருந்தான். கல்லணைக்கு மேலேயே சுற்றிக்கொண்டிரு, பயணிகள் விமானம் இறங்குகிறது என்று அக்கா சொன்னதற்கு அவன் தந்த பதில் அது. திருப்பிச் சொல் என்று அவர் அதட்டும்போதே அவன் ஓடுபாதைப் பக்கம் திரும்பிவிட்டான். இறங்கிக்கொண்டிருந்த விமானத்தை அக்கா மேலே ஏற்றிவிட்டார். குட்டி விமானத்தின் இறக்கை எழுத்துகளைப் படிக்க முடிந்தது என்று பயணிகள் விமானத்தின் விமானி பிறகு சொன்னார்.

கார்த்தி தனியாகப் பறக்கத் தகுதியில்லை என்று அக்காவே அறிக்கை எழுதினார். நஞ்சையை விற்று மகனைப் பயிற்சிப் பள்ளியில் சேர்த்திருந்த முருகையன் கோபுரத்து வாசலுக்கே வந்து அழுதார்.

"புள்ள ஏதோ மரியாதைக்குச் சொல்லிட்டான். அதுக்குப் போய் எழுதுவியாக்கா?"

"மரியாதைய கீழ வச்சுக்கட்டும். மேல காதுதான் வேணும். போடா வீட்டுக்கு."

பள்ளி அவனை அனுப்பிவிட்டது. முருகையன் அதன்பின் அக்காவோடு பேசவில்லை. தீபாவளிக்குப் பிறந்த வீட்டிலிருந்து புடவை வருவதும் நின்றது.

பணி முடிந்து நான் போனபோது, திருக்காட்டுப்பள்ளி வீட்டில் அவரைக் குளிப்பாட்டிக் கிடத்தியிருந்தார்கள். பிறந்த வீட்டுக் கோடிப் புடவையைப் போர்த்தாமல் எடுக்க முடியாது. முருகையன் வீடு இரண்டு தெரு தள்ளித்தான். போய்க் கூப்பிட்டவர்களிடம், "அவங்கதான் எழுதுவாங்கள்ல, எழுதி வாங்கிக்கச் சொல்லுங்க" என்றாராம். வெயில் இறங்க இறங்க எல்லோரும் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தோம். அக்காவின் கணவர் தலையை நிமிர்த்தவில்லை.

கார்த்தி வந்தான். இப்போது அறுவடை இயந்திரம் ஓட்டுகிறான். சட்டையெல்லாம் வைக்கோல் தூசி. கடைப் பையிலிருந்து புடவையை எடுத்து அத்தை மேல் போர்த்தினான். நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"கோவம் போயிடுச்சுன்னு நெனைக்காதீங்க. மொறைக்கு வந்தேன்" என்று கையை விடுவித்துக்கொண்டு, சுடுகாட்டுக்குக்கூட வராமல் போய்விட்டான்.

என் அண்ணன் மகள் இந்த வருடம் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்திருக்கிறாள். அவள் குரலும் ஒருநாள் எனக்குக் கேட்கும். அக்காவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒன்றுதான். அவள் தவறினால் நானும் எழுதுவேன். அண்ணன் வீட்டிலிருந்து எனக்குக் கோடிப் புடவை வராவிட்டால் போகட்டும்.