சிவப்புச் சீட்டு ஒட்டிய உலை

நோலின் டிரான்டரை எங்கள் கூடத்தில் எல்லோரும் பிடிவாதக்காரி என்பார்கள். பதினொரு வருடம் அவளோடு வேலை பார்த்தவன் நான் சொல்கிறேன், அது பிடிவாதம் இல்லை. சரி என்று தெரிந்த ஒன்றை மென்று விழுங்க அவளுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

சிட்னிக்குத் தெற்கே, நியூட்ரான் கற்றையை உலோகத்துக்குள் பாய்ச்சி அணுக்களின் அடுக்கைப் பார்க்கும் கூடம் எங்களுடையது. நோலின் வெல்டராக வந்தவள். மாதிரிகளைச் சூடேற்றும் சின்ன உலையைத் தன் கையாலேயே கட்டினாள்.

பேராசிரியர் லாக்லன் ஃபெரியர், செம்பும் வெள்ளீயமும் கூடிய சேர்மம் ஒன்றைக் கொண்டுவந்தார். சால்டரிங் வைத்த இடங்களில் தானாக உண்டாகும் பொருள்தான். நூற்றெண்பத்தாறு டிகிரிக்குக் கீழே இறங்கினால் அதன் அணுக்கள் வேறு அடுக்காக மாறி உட்கார வேண்டும். கற்றையில் அவருக்குக் கிடைத்ததோ ஒரே நாள். இருபது நிமிடத்தில் ஆறவைத்தார். அடுக்கு மாறியதைக் காட்டும் புதிய முகடு ஒன்றுகூட வரைபடத்தில் எழவில்லை.

"உன் உலை சூட்டப் பொய்யாச் சொல்லுது நோலின்" என்றார். மேலாளருக்கும் எழுதிப் போட்டுவிட்டார். மேலாளர் உலைமேல் 'கழிவு' என்று சிவப்புச் சீட்டை ஒட்டினார். வெள்ளிக்கிழமை பழைய இரும்பு லாரி வரும்.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கற்றை நேரத்தை வீணாக்கியவர் காலைத் தேநீருக்கு லாமிங்டன் கேக் வாங்கிவர வேண்டும். நோலின் வெறுங்கையோடு வந்தாள்.

"கேக் எங்க?" என்றேன்.

"தப்பு பண்ணினவன்கிட்ட போய்க் கேளு."

அன்றே சுத்தமான வெள்ளீயத்தை அந்த உலையில் உருக்கினாள். உருக வேண்டிய இருநூற்று முப்பத்திரண்டு டிகிரியில் சரியாக உருகியது. லாக்லனிடம் போய், "உலை நிஜத்ததான் சொல்லுது. நீ அவசரப்பட்டு ஆறவச்சிட்ட. அணு நகர நேரம் வேணாமா?" என்றாள்.

"வெல்டரம்மா எனக்குப் பாடம் எடுக்கிறாங்களாம்" என்று சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அடுத்துக் கற்றை நேரம் வாங்கியிருந்த கெயின்ஸ் நகரக் குழுவின் விமானம் புயலால் ரத்தாகி, புதனும் வியாழனும் காலியாயின. நோலின் மேலாளரின் வாசலில் போய் நின்றாள். "வெள்ளிக்கிழமை தூக்கி எறியப்போற உலைதான? அதுவரைக்கும் ஓடட்டும்." சரி என்று வாங்கும்வரை நகரவில்லை.

சேர்மத்தை நன்றாகச் சூடாக்கி, நூற்றைம்பதுக்கு இறக்கி அங்கேயே நிறுத்திவிட்டாள். புதன் முழுக்க விட்டுவைத்தாள். வியாழன் மதியம், பழைய முகட்டின் பக்கத்தில் குட்டி முகடுகள் தெளிவாக நின்றன. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் மட்டும், "இன்னும் ரெண்டு மணி நேரம் விடு, நல்லா வளரட்டும்" என்றாள்.

வெள்ளிக்கிழமை காலை லாக்லன் ஒரு தட்டு நிறைய லாமிங்டனோடு வந்தார். எல்லோருடைய கையும் நீண்டது.

"கேக் இருக்கட்டும். முதல்ல சீட்ட எடு" என்றாள் நோலின்.

சூடுபட்டு இறுகிய பசை. பேராசிரியர் மண்டியிட்டு நகத்தால் சுரண்டினார். வெளியே லாரி ஹாரன் அடித்தது. தேநீர் ஆறியது. கடைசித் துணுக்கும் உதிரும்வரை அவள் லாமிங்டனைத் தொடவில்லை.