உப்பு நீரில் மிதந்த காடை முட்டைகள்

நான் என் குழந்தைக்குக் கொடுத்த அந்த ஒரு காடை முட்டை நல்லதா, கெட்டதா? இரண்டு மாதம் ஆகியும் என்னால் சொல்ல முடியவில்லை.

மகளுக்கு ஒன்றரை வயது. மணல்வாரி அம்மை கண்டு எழுந்த பிறகு உடம்பு தேறவேயில்லை. இடுப்பில் கட்டிய அரைஞாண் நழுவிக் காலடியில் விழும். தினமும் முட்டை கொடுக்கச் சொன்னார் டாக்டர். கோழி முட்டையை வாயில் வைத்தாலே வாந்தி. திருவொற்றியூரில் எங்கள் அடுத்த வீட்டு அக்கா காடை வளர்க்கிறாள். கப்பலில் வேலை செய்யும் அவள் கணவர் ஜப்பானிலிருந்து கூண்டோடு கொண்டுவந்த ஜாதி. அந்த முட்டையை மட்டும் குழந்தை விழுங்கினாள். பத்து நாளில் கன்னம் சற்றே உப்பியது.

அத்தோடு விட்டிருக்கலாம். பள்ளிக்கூடம் போனவள் ஆயிற்றே, சோதிக்காமல் கொடுக்கலாமா என்று மனம் அரித்தது. பெண்கள் பத்திரிகை ஒன்றில் கோழி முட்டைக்கு இரண்டு வழி போட்டிருந்தார்கள். விளக்கொளியில் பிடித்துப் பார்ப்பது ஒன்று. காடை முட்டையின் ஓடெல்லாம் கறுப்புத் திட்டு. உள்ளே எது கரு, எது கறை என்று விளங்கவில்லை. மற்றது, அளவாக உப்புக் கரைத்த நீரில் போடுவது: புதியது மூழ்கும், பழையது மிதக்கும். கிணற்றுத் தண்ணீரில் சொன்ன அளவுக்கு உப்பைக் கரைத்தேன். ஆறு முட்டையும் மிதந்தன. கொட்டிவிட்டேன். மறுநாளும் அப்படியே.

சாக்கடையில் ஓடுகளைப் பார்த்துவிட்டு அக்கா வாசலில் வந்து நின்றாள்.

"இன்னா தங்கச்சி, கொய்ந்தைக்குன்னு குட்த்தா நீ சாக்கடைக்கு ஊட்டிகினு கீறியா?"

"எல்லாம் மிதக்குதுக்கா. பழசோன்னு பயமா இருக்கு."

"பழசா? காத்தால போட்டது, சூடு கூட ஆறல. உன் பத்திரிகைக்காரன் என் கூண்டாண்ட குந்திகினு பாத்தானா?"

மூன்று நாள் முட்டை வரவில்லை. கஞ்சியைத் துப்பிவிட்டுக் குழந்தை சிணுங்கிக்கொண்டே கிடந்தாள். உப்பளத்தில் கணக்கராக இருக்கும் என் கணவர் விஷயத்தைக் கேட்டுச் சாப்பாட்டுக்கு நடுவில் சிரித்தார்.

"எங்க அளத்துல பாத்தித் தண்ணி பதமாச்சான்னு பாக்க முட்டையத்தான் மிதக்க விடுவாங்க. நம்ம கெணறே கரிப்பு. அதுல மேல உப்பு வேற போட்டா இன்னிக்குப் போட்ட முட்டையும் மிதக்கும். நீ முட்டைய சோதிக்கல, முட்டை உன் தண்ணிய சோதிச்சிருக்கு."

அவருக்குச் சிரிப்பு. உப்பளத்துக்காரர் வீட்டில் இருந்துகொண்டு எனக்கு இது தோன்றவில்லையே.

அக்காவிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். கூண்டு வைக்கோலில் துழாவி நான்கு முட்டைகளை எடுத்து என் கையில் வைத்தாள். இந்த முறை உப்பில்லாத குழாய்த் தண்ணீர். மூன்று முட்டைகள் அடியில் படுத்தன. ஒன்று மட்டும் கூர்முனையில் நிமிர்ந்து நின்றது. நின்றால் சில நாள் பழையது என்று பொருள். வைக்கோலுக்கடியில் மறந்து கிடந்ததோ? இதையும் எறிந்தால் அக்கா முகத்தில் எப்படி விழிப்பது? ஒருமுறை ஏமாற்றிய சோதனையை இப்போது மட்டும் எப்படி நம்புவது? அதையே அவித்து ஊட்டிவிட்டேன்.

மத்தியானத்துக்குள் நான்கு முறை பேதி. பல் முளைக்கிற நேரம், அதுதான் என்கிறாள் அக்கா. முட்டைதான் என்கிறார் மாமியார். டாக்டர் கேட்டபோது, "வழக்கமானதுதான் கொடுத்தேன்" என்று சொல்லிவிட்டேன். பேதி நின்றுவிட்டது, அந்தப் பொய் என்னை விடவில்லை.

அன்று முதல் முட்டை கொடுப்பதில்லை. வந்த சதை மறுபடி வடிந்துவிட்டது. "இன்னும் எத்தினி நாளைக்கு இப்டி பயந்துகினே இருப்ப?" என்று அக்கா தினமும் சுவருக்கு மேலாகக் கேட்கிறாள்.

காடை வளர்த்துப் பழகிய சகோதரிகள் எவரேனும் இதைப் படித்தால் தயவுசெய்து எழுதுங்கள். இத்தனை சிறிய முட்டையை உடைக்காமல் எதைக் கொண்டு நல்லதென்று அறிகிறீர்கள்? நீரில் நிமிர்ந்து நிற்பதை உங்கள் குழந்தைக்குக் கொடுப்பீர்களா? நான் திரும்பத் தொடங்கலாமா, இன்னும் பொறுக்க வேண்டுமா?