அளம்பிலுக்குப் போன பற்றறியும் விலகிப் போன புயலும்

முல்லைத்தீவுக் கரையோரம் போக எந்த மாதம் நல்லது என்று சிலர் கேட்டிருந்தீர்கள். கார்த்திகை வேண்டாம் என்பேன். ஆனால் நான் மிகச் சந்தோசமாகப் போய்வந்த பயணம் ஒரு கார்த்திகையில்தான்.

2000ஆம் ஆண்டு. அளம்பிலில் என் கூட்டாளி குகனுக்குக் கலியாணம். பாட்டுப் போட ஒலிபெருக்கி இருந்தது, மின்சாரம் இல்லை. அதனால் சார்ஜ் ஏற்றிய கார் பற்றறி ஒன்றைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு, கலியாணத்துக்கு முதல்நாள் காலை ஐந்து மணிக்கு மல்லாவியில் இருந்து புறப்பட்டேன். மாங்குளம், ஒட்டுசுட்டான், முள்ளியவளை வழியாக எழுபது கிலோமீற்றருக்குக் கிட்ட. ஒட்டுசுட்டானில் ஐந்து ரூபாய்க்கு ஒரு தேத்தண்ணி. முக்கால் தூரம் சைக்கிள் ஓடினேன், மீதித் தூரம் மழைக் குழிகளுக்குள் உருட்டினேன். போய்ச் சேரப் பின்னேரம் இரண்டு மணி.

கலியாண வீட்டில் எல்லோரும் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். காலையில் வானொலி புயல் அறிவித்தல் சொல்லியிருக்கிறது. அதோடு அவர்கள் வீட்டில் வைத்துக் கேட்கும் கார் றேடியோவின் பழைய பற்றறி செத்துவிட்டது. குகனின் அக்கா தவமலர் பள்ளிக்கூடத்தில் புவியியல் படிப்பிப்பவர். என் கரியரைக் கண்டதும் ஓடிவந்து, தானே வயரை முறுக்கி றேடியோவைப் பூட்டினார்.

மூன்று மணி அறிவித்தலில் புயல் நிற்கும் இடத்தைப் பாகைக் கணக்கில் சொன்னார்கள். தவமலர் அற்லஸ் வரைபடத்தில் பென்சிலால் மூன்றாவது புள்ளியை வைத்தார். பற்றறி சாகமுன் கேட்டு வைத்த முதல் இரண்டையும் இணைத்து நீட்டினால் கோடு நேரே எங்களிடம் வந்தது. புதிய புள்ளி சற்று வடக்கே விலகியிருந்தது.

குகனின் முகம் மலர்ந்தது. "அப்ப விலகிப் போகுது, அக்கா."

"ஓம், அப்பிடித்தான் கிடக்கு. ஆனா ஒரு புள்ளியை நம்பிச் சனத்தைக் கரையில வைச்சிருக்க எனக்குத் துணிவில்லை. திரும்பவும் வளைஞ்சு வந்தா என்ன செய்யிறது?"

 குகன் தானே போய்ச் சோற்றுக் கிடாரத்தைத் தூக்கி உழவு மெசின் பெட்டியில் ஏற்றினான். வள்ளங்களை மேட்டுக்கு இழுத்தோம். ஆறு மணிக்குள் அந்தக் கரைச் சனம் முழுவதும் முள்ளியவளைப் பள்ளிக்கூடத்தில் இருந்தது. கலியாணப் பொம்பிளையின் ஊரும் அதுதான். அவர்கள் பால் தேத்தண்ணியோடு வந்து எங்களை வரவேற்றார்கள்.

இரவெல்லாம் காற்றும் மழையும். காலை ஏழு மணி அறிவித்தலில் நான்காவது புள்ளி இன்னும் வடக்கே போய்விட்டது. பத்து மணிக்கு, தவமலர் கரும்பலகையில் கீறிய புயல் படத்துக்கு முன்னால் குகன் தாலி கட்டினான். இரண்டு பாட்டோடு பற்றறி முடிந்தது. மிச்சத்தைச் சனமே பாடியது.

பின்னேரம் அளம்பிலுக்குத் திரும்பினோம். வள்ளங்கள் மேட்டில் அப்படியே கிடந்தன. பந்தலைக் காணவில்லை. வேலியும் போயிருந்தது.

"உங்கட புள்ளி சரி, அக்கா," என்றான் குகன். "கடலுக்குத்தான் அது தெரியேல்லை."

இப்போது போகிறவர்களுக்குப் பாதை சுகம். மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவு ஏறத்தாழ ஐம்பது கிலோமீற்றர். மாரியில் போனால் காலையும் மாலையும் வானிலை அறிவித்தல் கேளுங்கள். புயலின் மையம் வேறு பக்கம் போகிறது என்று சொன்னாலும் கரையில் தங்காதீர்கள். அலை எவ்வளவு தூரம் ஏறும் என்று அந்தப் புள்ளி சொல்லாது. அன்று பந்தல் நின்ற ஈரமணலில் நாங்கள் அத்தனை பேரும் நின்று வயிறு நோகச் சிரித்தோம். முதல்நாள் இரவு அங்கே ஒருவரும் படுத்திருக்கவில்லை.