மாமா அடித்த ஜாஸ்

சுனாமிக்கு அடுத்த வருடம் கேகாலையில் ஒரு கல்யாணம். ஐந்து பேர் வாசித்த பேண்டில் டிரம்ஸ் அடித்த பையன், தன் மாஸ்டருக்கு மாஸ்டர் எங்கள் தோட்டத்துக்காரர் என்றான். தோட்டத் தொழிலாளர் லயத்திலிருந்து கொழும்பு ஹோட்டலுக்கு ஜாஸ் அடிக்கப் போன முதல் ஆள் அவர்தானாம். "தாத்தா, நீங்க அவர பாத்திருக்கீங்களா?" என்று கேட்டான். இல்லை என்று சொல்லிவிட்டு இரண்டாம் பந்திக்கு எழுந்து போனேன்.

அவர் என் தாய்மாமன்.

அறுபது வருடங்களுக்கு முன், எனக்கு ஒன்பது வயது. மாமா கித்துல்கலப் பக்கம் வெள்ளைக்காரத் துரைமாரின் கிளப்பில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். சனிக்கிழமைகளில் கொழும்பிலிருந்து வரும் பேண்டைச் சமையலறைக் கதவிடுக்கில் பார்த்தே ஜாஸ் கற்றுக்கொண்டாராம். லீவில் எங்கள் வீட்டுக்கு வந்தவர், லயத்துக்குப் பின்னால் இரண்டு மண்ணெண்ணெய்த் தகரங்களையும் ஒரு தாம்பாளத்தையும் கட்டித் தொங்கவிட்டு, "எல்லாம் இருக்கு மருமகனே, தோலு ஒண்ணுதான் இல்ல" என்றார். கோயில் அறையிலிருந்து தப்பு மேளத்தை எடுத்துவந்து கொடுத்தது நான்.

காலை பத்தரை மணிக்கு அடிக்கத் தொடங்கினார். மூன்று அடி ஒழுங்காக விழும். நான்காவது, நாம் காத்திருந்து ஏமாந்த பிறகு விழும். "இன்னொருக்கா மாமா" என்று ஆறு தடவை கேட்டேன்.

எங்கள் தோட்டத்தில் தப்பு விடியுமுன் கேட்டால் வேலைக்கு. விடிந்த பின் கேட்டால் சாவு. இது எனக்குத் தெரியாததல்ல. ரப்பர் மரங்களை விட்டுவிட்டு நாற்பத்திரண்டு பேர் ஓடிவந்தார்கள். நோயில் கிடந்த பக்கத்து வீட்டுக் கிழவர் படுக்கையிலிருந்து எழுந்து வந்து, "யாருப்பா போனது?" என்று கேட்க, அவருக்காக அழுதுகொண்டு வந்தவர்கள் அவரையே திட்டினார்கள். அம்மா ரப்பர் பால் வாளியோடு வழுக்கி விழுந்து, சேலையெல்லாம் வெள்ளையாக நின்றாள்.

"எந்தப் பொணத்துக்குடா அடிச்ச?" என்றார் கங்காணி.

"பொணம் இல்லீங்க. ஜாஸுங்க."

"இன்னிக்கி எல்லாருக்கும் அரைநாள் சம்பளம்தான். தொரகிட்ட நீயே போயி ஜாஸுனு சொல்லு." பிறகு என் பக்கம் திரும்பினார். "கோயில்ல தப்ப களவெடுத்தது யாருடா?"

"மாமாதான்" என்றேன்.

மாமா என்னைப் பார்த்தார். பிறகு, "ஆமாங்க" என்றார்.

அன்றே அவரை அனுப்பிவிட்டார்கள். இனித் தோட்டத்து எல்லைக்குள் காலடி வைக்கக்கூடாது என்று உத்தரவு. பல வருடம் கழித்து அம்மாவின் சாவுக்குக்கூட அவர் பெரிய ரோட்டோரத்தில் நின்றுவிட்டுத் திரும்பினார். நான் பார்த்தேன். போய்ப் பேசவில்லை.

என் பொய்யை எல்லாரும் நம்பிவிட்டார்கள் என்றுதான் அன்று நினைத்தேன். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. கோயில் அறை பூட்டியிருந்தது; சாவி கங்காணியின் மடியில். வேறு வழி, பதினோரு அங்குல ஜன்னல் ஒன்றுதான். அதில் மாமாவின் ஒரு தோள்கூட நுழையாது. இது கங்காணிக்கும் தெரியும், அம்மாவுக்கும் தெரியும். திருடியது வீட்டுப் பிள்ளை என்றால் நாங்கள் ஐந்து பேரும் லயத்தைக் காலி செய்ய வேண்டும். வெளியில் வேலை பார்க்கிறவன் என்றால் அந்த ஓர் ஆள் போனால் போதும்.

அன்று அம்மா தன் தம்பியின் துணிகளை மூட்டை கட்டினாள். பால் காய்ந்து இறுகிய சேலையைக்கூட மாற்றவில்லை. கண்ணீர் மட்டும் வழிந்துகொண்டிருந்தது. விழுந்த வலியில் அழுகிறாள் என்று நினைத்து, அவள் முழங்காலில் தேய்க்க எண்ணெய் எடுத்துக்கொண்டு போனேன்.