தொடுங்கம்மா என்றவள்

அந்த வார்டில் அவளுக்கு 'உஷ் அக்கா' என்று பெயர். குறைமாதக் குழந்தைகள் இருக்கும் இடத்தில் யார் குரல் உயர்ந்தாலும், அது பெரிய டாக்டராகவே இருந்தாலும், உதட்டில் விரல் வைத்து "உஷ்" என்பாள். ஒருமுறை மருத்துவமனை இயக்குநரையே அடக்கிவிட்டாள். மனிதர் அன்றைக்கு முழுக்கக் குசுகுசுவென்றே பேசிக்கொண்டு திரிந்தாராம். இருபத்திரண்டு வருட வேலை. முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிக் கழுவித் தோல் காகிதமாகியிருந்தது. "தட்டுல கை வைக்கிறதுக்கே ஆபரேஷனுக்குப் போற மாதிரி ரெடியாகுறியே" என்று பஸ் ஓட்டும் கணவர் கிண்டலடிப்பார்.

அவளைத்தான் ஒரு தாய் வேண்டாம் என்றாள்.

குழந்தை இருபத்தெட்டாவது வாரத்தில் பிறந்தவள். தொள்ளாயிரத்து எண்பது கிராம். மூன்றாம் நம்பர் இன்குபேட்டர். பிரசவத்துக்கு மறுநாள் சக்கர நாற்காலியில் வந்த தாய், அதனருகே நின்ற உஷ் அக்காவைக் கண்டதும் வெளிறிப்போனாள். கணவனின் சட்டையைப் பிடித்து இழுத்து, "இவங்க வேண்டாம். வேற யாரையாவது போடச் சொல்லுங்க" என்றாள். குழந்தையின் பக்கம் திரும்பக்கூட இல்லை.

உஷ் அக்காவுக்கும் அந்த முகம் தெரியும். இரண்டு வருடத்துக்கு முன் இதே தாய், இதே வார்டு. அந்தக் குழந்தை ஆறு நாள்தான் இருந்தது.

தலைமை நர்ஸ் டூட்டியை மாற்றினார். "மனசுல வெச்சுக்காதடி. பெத்த வயிறு எரியுது, யார் மேலயாவது கொட்டணும்ல."

"கொட்டட்டுமே. எனக்கென்ன குறைஞ்சுபோச்சு" என்றாள் உஷ் அக்கா. ஆனால் அன்றிலிருந்து ஏழாம் நம்பர் குழந்தைக்குப் பால் ஏற்றும்போதும் காது மூன்றாம் நம்பரிலேயே இருந்தது.

தாயிடம் போக முடியாதவள் தகப்பனைப் பிடித்தாள். அவர் லிஃப்ட் மெக்கானிக். வராந்தாவில் நிறுத்தி, மானிட்டரில் எந்த எண் மூச்சு, எந்த எண் துடிப்பு என்று சொல்லிக்கொடுத்தாள்.

"எதுக்கு சிஸ்டர் அடிக்கடி கத்துது?"

"பாதி நேரம் கால்ல ஒட்டியிருக்கிற சென்சார் நழுவியிருக்கும், அவ்வளவுதான்."

"அட, என் லிஃப்ட்டும் இப்படித்தான். சென்சார்ல தூசி விழுந்தாப் போதும், ஊரைக் கூட்டிடும்!"

"மெதுவா சார். உஷ்."

பத்தொன்பதாம் நாள் மூக்கில் வைத்திருந்த சுவாசக் குழாயை எடுத்தார்கள். தாய் இனிக் குழந்தையை நெஞ்சோடு நெஞ்சாக வைத்துக்கொள்ளலாம், அந்தச் சூட்டில்தான் எடை ஏறும் என்றார் டாக்டர். தாய் மாட்டேன் என்றாள். தினமும் பாலைப் பிழிந்து பாட்டிலில் கொடுப்பாள். நாற்காலியை இரண்டடி தள்ளிப் போட்டுக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருப்பாள். பத்தொன்பது நாளில் ஒரு தடவைகூடக் கையை உள்ளே விடவில்லை. குழந்தையின் எடையோ நாலு நாளாக நகரவேயில்லை.

மறுநாள் காலை மெக்கானிக் உஷ் அக்காவைத் தேடி வந்தார். "ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே? போன தடவ அவ தொட்டதுனாலதான் குழந்தை போச்சுன்னு நெனச்சுக்கிட்டிருக்கா. சாயங்காலம் தொட்டாளாம், விடியறதுக்குள்ள போயிடுச்சாம். நீங்கதான் தொடச் சொன்னீங்களாம்."

உஷ் அக்கா நேரே பால் எடுக்கும் அறைக்குப் போனாள். தாய் தனியாக இருந்தாள். பால் எடுக்கும் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"ரெண்டே நிமிஷம்மா. அப்புறம் வெளிய போகச் சொன்னா போயிடறேன். அன்னிக்கு மத்தியானமே ஸ்கேன் எடுத்தாச்சு. தலைக்குள்ள ரத்தக்கசிவு, ரெண்டு பக்கமும். ராத்திரி தாண்டாதுன்னு எங்களுக்குத் தெரியும். வெளியூர் போயிருந்த உங்க வீட்டுக்காரர் வந்ததும் ரெண்டு பேரையும் உக்கார வெச்சுச் சொல்லலாம்னு டாக்டர் நெனச்சார். அதுக்குள்ள நீங்க ஒரு தடவையாவது தொட்டுடணும்னு எனக்குத் தோணுச்சு. அதான் தொடுங்கம்மான்னேன். ஏன்னு சொல்லல. குழந்தை போனப்புறமும் யாரும் எடுத்துச் சொல்லல."

தாய் மெஷினை நிறுத்தினாள்.

"தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சேதான்."

"தெரிஞ்சுக்கிட்டே, விரலைப் பிடிக்கிறா பாருங்கன்னு சிரிச்சீங்க."

"ஆமாம்மா."

"ரெண்டு வருஷம். எங்க அக்கா பிள்ளையைக்கூட நான் தூக்கல. தெரியுமா உங்களுக்கு?"

தாய் அழவில்லை. ரவிக்கைக் கொக்கிகளை ஒவ்வொன்றாக மாட்டிவிட்டு நிமிர்ந்தாள்.

"இவளைப் பத்தி இப்போ என்னத்தை மறைச்சு வெச்சிருக்கீங்க? அதைச் சொல்லுங்க முதல்ல."

உஷ் அக்கா டாக்டரிடம் அனுமதி வாங்கி ஃபைலைக் கொண்டுவந்தாள். முதல் பக்கத்திலிருந்து படித்தாள். மூன்றாம் நாள் பதினொரு முறை மூச்சு நின்று திரும்பியதைப் படித்தாள். எட்டாம் நாள் கிருமித் தொற்று என்று சந்தேகப்பட்டு, பிறகு இல்லை என்றானதையும் படித்தாள். மூளை ஸ்கேன் இரண்டு, இரண்டிலும் கசிவு இல்லை. தாய் அந்த வரியில் விரலை வைத்து மறுபடி படிக்கச் சொன்னாள். மறுபடி படித்தாள். "குறைமாசக் குழந்தைங்களுக்குப் பண்ற கண் பரிசோதனை பாக்கியிருக்கு. அது எப்படி வரும்னு எனக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது" என்று சொல்லி ஃபைலை மூடும்போது முக்கால் மணி நேரமாகியிருந்தது.

தாய் எழுந்தாள். "நெஞ்சுல வைக்கச் சொல்லுங்க. நீங்க வேண்டாம். வேற ஆளை அனுப்புங்க."

சின்ன நர்ஸ்தான் குழந்தையை எடுத்து வைத்தாள். உஷ் அக்கா பால் ஃப்ரிட்ஜ் இருக்கும் அறை வாசலில் நின்றுகொண்டாள். அங்கிருந்து மானிட்டரில் ஆக்ஸிஜன் அளவு மட்டும் தெரிந்தது. எண்பத்தொன்பது. தொண்ணூற்றொன்று. தொண்ணூற்று நாலு. அங்கேயே நின்றது. மெக்கானிக்கின் சிரிப்பு சத்தமாகவே கேட்டது. உஷ் அக்கா அடக்கவில்லை.

ஃப்ரிட்ஜைத் திறந்து, பாட்டில்களில் ஒட்டியிருந்த தாய்மாரின் பெயர்களைச் சரிபார்க்கத் தொடங்கினாள். நாலாவது பாட்டிலில் கை நின்றுவிட்டது. இருபத்திரண்டு வருடம். ஸ்கேன் கைக்கு வந்த பிறகு, காரணம் சொல்லாமல், "தொடுங்கம்மா" என்று அவள் யார் யாரிடமெல்லாம் சொல்லியிருக்கிறாள்? மழையில் நனைந்த சேலையோடு ஓடிவந்த ஒருத்தி. இரட்டைக் குழந்தைகளில் ஒன்றைத் தொட்டுவிட்டு மற்றதைத் தொடப் பயந்த ஒருத்தி. பதினேழு வயதிருக்கும் ஒரு பெண், கையை வெளியே எடுத்து, தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே போனாளே, அவள். அன்றைக்கு உஷ் அக்கா அதை ஆசை என்று நினைத்தாள்.

அவர்களில் ஒருத்தியின் முகவரிகூட அவளிடம் இல்லை.