வீடு பார்க்க வந்தவர்

பொம்மனஹள்ளியில் நான் வாடகைக்குப் பார்க்கப் போன வீட்டுக்கு அவரும் வந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். வெளுத்த பச்சைப் புடவை, தோளில் கார்மென்ட்ஸ் கம்பெனிப் பை. நான் ஓனரம்மாவிடம் தண்ணீர், வெளிச்சம், பஸ் நிறுத்தம் என்று வரிசையாக விசாரித்தேன். அவர் எதையும் கேட்கவில்லை. எங்களை வெளியே நிறுத்திவிட்டுக் கதவை உள்ளே தாழிட்டு, சற்று நேரம் தனியாக இருந்துவிட்டுத் திறந்தார்.

“பிடிச்சிருக்குங்க,” என்றார்.

“உங்க வீட்டுக்காரரை வந்து பேசச் சொல்லும்மா,” என்றார் ஓனரம்மா.

“அவரு வர்றதா இருந்தா எனக்கு எதுக்குங்க தனி வீடு?”

“ஆகல்லம்மா, முடியாது. ஆம்பள கையெழுத்து இல்லாம தர்றதில்ல.” ஓனரம்மா என் பக்கம் திரும்பினார். “நீ எடுத்துக்கோ கண்ணு. பொம்பளப் புள்ளைன்னாலும் உங்கப்பா கையெழுத்து போடுவாருல்ல?”

“அவங்களுக்கே கொடுங்க,” என்றேன்.

பச்சைப் புடவை அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. “உனக்குப் பிடிச்சிருந்தா எடுத்துக்கோ. நான் விட்டுக்குடுத்து விட்டுக்குடுத்துதான் இந்த வயசுல வீடு தேடுறேன். நீயும் ஆரம்பிக்காத.”

படியிறங்கும்போது கேட்டேன்: “பயமா இல்லையாக்கா?”

“இருக்கு. அவரோட இருந்தப்பவும் பயந்துட்டுதான் இருந்தேன். இனிமே பயந்தாலும் என் சம்பளம் என் கையில இருக்கும்.”

தெருவைக் கடந்து, டு-லெட் பலகை தொங்கிய எதிர்வீட்டில் மணியடித்தார். கதவு திறந்ததும், உள்ளிருந்தவர் வாயெடுக்கும் முன்பே, தெருவுக்கே கேட்கும்படி சொன்னார்:

“நான் ஒருத்திதான். வீட்டைக் காட்டுங்க.”

அவ்வளவு உரக்க என்னைப் பற்றி நான் எங்குமே சொன்னதில்லை.